சொந்தமாகக் கொம்பியூட்டர் பூட்ட நான் தயாரா? கல்லடியிலிருந்து கேட்கிறேன்

வாவிக்கரை (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண வீடியோ எடிட் பண்ணும் வேலை செய்கிறேன், மூன்று வருடமாகிறது. இனி வீட்டிலிருந்தே தனியாக வேலை எடுத்துச் செய்யலாம் என்று யோசனை. வீட்டில் இருப்பது அண்ணா கட்டாருக்குப் போக முதல் பாவித்த நான்காம் தலைமுறை ஐ3. தாலி கட்டும் காட்சியை டைம்லைனில் போட்டு இழுத்தால் படம் நின்று நின்று வருகிறது, மேளச் சத்தம் மட்டும் முன்னுக்கு ஓடுகிறது. விண்டோஸ் 10 இற்கான வழமையான அப்டேட்டும் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. 11 போடலாமென்றால் இந்தப் புரொசசருக்கு ஆகாது என்கிறது.

சீட்டுக் காசில் இரண்டரை லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மொனிட்டர், கீபோர்ட் எல்லாம் இருக்கின்றன. இங்கே ஒரு கடையில் பூட்டித் தரக் கேட்டேன். பவர் சப்ளை என்ன மேக் என்று கேட்டதற்கு "நல்லதுதான் போடுவோம்" என்பதோடு முடித்துவிட்டார்கள், மூன்று தரம் கேட்டும் பெயர் வரவில்லை. அதனால்தான் கொழும்பில் சாமான் எடுத்து நானே பூட்டினால் என்ன என்ற எண்ணம் வந்தது.

இதுவரை செய்தது: பழைய மெஷினுக்கு ரேம் மாற்றியிருக்கிறேன், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன், ஃபேனில் தூசி தட்டியிருக்கிறேன். மதர்போர்டைக் கழற்றியதில்லை, புரொசசரைக் கையால் தொட்டதில்லை. எழுதி வைத்திருக்கும் பட்டியல் இது: இன்டெல் ஐ5 12400எஃப், பி760 போர்ட் (பெயரின் கடைசியில் டி4 என்று இருக்கிறது), டிடிஆர்5 ரேம் 16 ஜிபி ஒன்று, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வோட்ஸ் பவர் சப்ளை, சாதாரண கேசிங். கிராபிக்ஸ் கார்டைக் காசு சேர்ந்த பிறகு பார்க்கலாம்.

அம்மா "அவ்வளவு காசையும் கொண்டுபோய் உடைச்சுப் போட்டா என்ன செய்வாய்" என்கிறா. எனக்கும் அதே பயம்தான், மறைக்கவில்லை. நான் தயாரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?


ஏறாவூர்ப்பொடியன்

பூட்டுங்க அக்கா, யோசிக்க ஒன்றுமில்லை. நான் உயர்தரம் எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருந்த நாட்களில் வீடியோ பார்த்துப் பூட்டினேன், மூன்று மணித்தியாலம் போனது. ஒவ்வொரு வயரும் அதற்குரிய இடத்தில் மட்டும்தான் போகும், பிழையாகக் கொழுவ முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள். பயம்தான் பெரிய தடை.


அக்கரைப்பற்று_வடக்கு

நான் மாறிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தங்கச்சி இதை விளையாட்டுக்குக் கேட்கவில்லை, தொழிலுக்குக் கேட்கிறா. கலியாண வீட்டுக்காரர் ஆல்பம் எங்கே, வீடியோ எங்கே என்று நிற்கும் நேரத்தில் மெஷின் எழும்பவில்லை என்றால் கொடுத்த பெயரும் போய்விடும். கம்பனிகளில் பாவித்துக் கழித்த ஒஃபிஸ் மெஷின்கள் இப்போது நிறைய வருகின்றன. எட்டாம் தலைமுறை ஐ5 என்றால் விண்டோஸ் 11 உம் ஏறும். அதில் ஒன்றை எடுத்து, மிச்சக் காசைக் கையில் வைத்து, வேலையைத் தொடங்கலாமே. கொம்பியூட்டர் பூட்டுவது ஒரு தொழில், வீடியோ எடிட் பண்ணுவது இன்னொரு தொழில்.


கல்முனை_நானா

தங்கச்சி, நான் பதினாறு வருடமாகக் கொம்பியூட்டர் திருத்தும் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

எல்லோரும் கை நடுங்குமா, வயர் மாறிப் போகுமா என்றுதான் பயப்படுவார்கள். கை அரை மணித்தியாலத்தில் பழகிவிடும். நான் கேட்பது வேறு. எல்லாம் பூட்டி முடித்து, சுவிட்சை அமத்தி, ஃபேன் சுற்றி, மொனிட்டரில் ஒன்றுமே வராமல் கறுப்பாக நிற்கிறது என்று வையுங்கள். இரவு ஒன்பது மணி. அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்கு அடுத்த நாள் என்ன செய்வீர்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் ஏதாவது ஒரு பதில் இருந்தால் நீங்கள் தயார். "இறைவா, அப்படி நடக்கக் கூடாது" என்பது மட்டும்தான் பதில் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், கொழும்பில் இருப்பவனுக்கு ரேமில் சந்தேகம் வந்தால் அன்றைக்கே கொம்பியூட்டர் கடைகள் இருக்கும் பம்பலப்பிட்டிக்குக் கொண்டுபோய் வேறு ரேம் போட்டுப் பார்க்கலாம். நமக்கு ஒரு இரவு பஸ், விடியப் போய் இறங்கி, கடை திறக்கும்வரை காத்திருந்து, திரும்பவும் ஒரு இரவு பஸ். வேலைக்கு லீவு, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் சேரும். கூரியரில் அனுப்பினால் ஒரு கிழமை. ஆகவே இங்கிருந்து பூட்டுகிறவர் பட்டியலைப் போடும்போதே கொழும்புக்காரனைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும், பழுதை ஓரளவு தானே கண்டுபிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

தம்பி ஏறாவூர், ஒவ்வொரு வயரும் அதனதன் இடத்தில் மட்டும்தான் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பிப் பூட்டியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். புரொசசருக்குப் போகும் 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 8 பின்னும் தூரத்தில் பார்த்தால் ஒன்றுதான், பலமாக அமத்துகிறவன் பிழையானதையும் இறக்கிவிடுவான். முன்பக்க ஓடியோ வயரும் யூஎஸ்பி 2 வயரும் இரண்டுமே ஒன்பது பின், எந்த இடத்தில் ஓட்டை அடைத்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம். எல்லாவற்றையும்விட மோசம், வயரைக் கழற்றி மாட்டக்கூடிய மொடியூலர் பவர் சப்ளை. ஒரு மேக்கின் வயரை இன்னொரு மேக்கில் போட்டால் அழகாகக் கொழுவும், உள்ளே 12 வோல்ட் போகும் இடம் மாறியிருக்கும், எஸ்எஸ்டி எரியும். இதில் ஒருவருடைய மூன்று வருடப் படங்கள் போய்விட்டன, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அவர் அந்தக் கதிரையில் இருந்து அழுததை இன்றும் மறக்கவில்லை.

ஆனால் ஒன்று. "புதிதாகப் பூட்டினேன், எழும்பவில்லை" என்று என் மேசைக்கு வருகிற பெட்டிகளில் சாமான் உண்மையிலேயே பழுதானது குறைவு. ரேம் ஒரு பக்கம் டக் என்று இறங்கியிருக்கும், மற்றப் பக்கம் அரை மில்லிமீற்றர் மேலே நிற்கும். போர்டின் இடது மேல் மூலையில் புரொசசருக்கான 8 பின் வயரைக் கொழுவ மறந்திருப்பார்கள். கிராபிக்ஸ் கார்ட் போட்டுவிட்டு மொனிட்டர் வயரை அதில் கொழுவாமல் போர்டில் கொழுவியிருப்பார்கள். டிடிஆர்5 என்றால் முதல் தரம் எழும்பச் சில நிமிடம் எடுக்கும், அதற்குள் பயந்து கரண்டைப் பிடுங்கியிருப்பார்கள். இவ்வளவுதான். இதைப் பார்க்கத் தெரிந்தால் பாதி இரவுகள் கறுப்பாக நிற்காது.

அக்கரைப்பற்று சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஒஃபிஸ் மெஷின்களில் பலதில் போர்டும் பவர் சப்ளையும் அந்தக் கம்பனிக்கே உரிய அளவு, உரிய வயர். பவர் சப்ளை போனால் கடையில் கிடைக்கும் சாதாரண ஒன்றைப் போட முடியாது. பெரிய கிராபிக்ஸ் கார்ட் பின்னர் போட நினைத்தாலும் இடமில்லை. எடிட் வேலைக்கு எட்டாம் தலைமுறை இரண்டு வருடத்தில் மறுபடி இதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும்.

இப்போது தங்கச்சியின் பட்டியல். அதில் இரண்டு பெரிய பிழைகள் இருக்கின்றன. ஒன்று, சாமான் ஒன்றோடொன்று சேரவே சேராது. மற்றது, எல்லாம் சரியாகப் பூட்டினாலும் படம் வராது. என்னவென்று நான் சொல்லமாட்டேன், மற்றவர்களும் தயவுசெய்து ஒரு நாளைக்குச் சொல்லாதீர்கள். நீங்களே தேடுங்கள் தங்கச்சி. கண்டுபிடித்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.


வந்தாறுமூலை_விடுதி

நான் கெம்பஸ் விடுதியில் இருந்துகொண்டு போன வருடம் பூட்டினேன். நானா கேட்ட அந்த இரவு எனக்கு வந்தது, அதைச் சொல்கிறேன்.

புரொசசர் உட்காரும் இடத்தைத்தான் சொக்கெட் என்பது. இன்டெல் 1700 சொக்கெட்டில் பின் எல்லாம் போர்டில்தான் இருக்கும், புரொசசரின் அடியில் தட்டையான தங்கப் புள்ளிகள் மட்டும். சொக்கெட்டின் மேல் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி வரும். புரொசசரை வைத்து, தகட்டை மூடி, நெம்புகோலை இறக்கும்போது அந்த மூடி தானாகக் கழன்று வரும். எனக்கு அது தெரியாது. முதலிலேயே நகத்தால் நெம்பி எடுத்தேன், அது வழுக்கி ஒரு மூலையால் பின்களின் மேல் விழுந்தது. சத்தம்கூட வரவில்லை. எல்லாம் பூட்டி முடித்துப் போட்டால் படம் இல்லை. ரேமை மாற்றினேன், வயரைக் கழற்றிக் கொழுவினேன், விடிய இரண்டு மணியாகிவிட்டது.

மறுநாள் பின்னேரம் புரொசசரைக் கழற்றிப் போனின் கமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஆயிரத்து எழுநூறு பின்னும் ஒரே பக்கமாகச் சாய்ந்து வயல் நாற்று மாதிரி மினுங்குகின்றன, அதில் மூன்று மட்டும் வேறு பக்கம் திரும்பிப் படுத்திருக்கின்றன. கடையில் கேட்டேன், பின் வளைந்தால் வாரண்டி இல்லை என்றுவிட்டார்கள். அதில் அவர்களைப் பிழை சொல்ல முடியாது. கடைசியில் மெக்கானிக்கல் பென்சிலில் ஊசியைக் கழற்றிவிட்டு, அந்தக் குழாய் நுனியைப் பின்னின் தலையில் மெதுவாகப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். மூன்றுக்கும் இரண்டு மணித்தியாலம். அதிர்ஷ்டம், உடையவில்லை, இன்றுவரை ஓடுகிறது.

எனவே போர்ட் வாங்கும் கடையிலேயே, காசு கொடுக்க முதல், மூடியை அவர்களையே எடுக்கச் சொல்லிச் சொக்கெட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு வளைந்தது அவர்களதா உங்களதா என்று நிரூபிக்க வேறு வழியே இல்லை. அந்தப் பிளாஸ்டிக் மூடியையும் எறிந்துவிடாதீர்கள், பின்னர் போர்டை வாரண்டிக்கு அனுப்பினால் அதைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.


ஏறாவூர்ப்பொடியன்

நானா சொன்ன மொடியூலர் வயர் விஷயம் எனக்குத் தெரியாது. என்னுடைய பவர் சப்ளையில் வயர் கழராது, அதனால்தான் பிழைத்திருக்கிறேன் போல. அக்காவுக்கு அவசரமாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.


திருக்கோவில்_மாஸ்டர்

நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். கொம்பியூட்டர் தயாரா என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், வீடு தயாரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிள்ளை, இப்போது இருக்கும் பழைய மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது செருப்பில்லாமல் நிலத்தில் நின்று கேசிங்கின் இரும்பில் கை பட்டால் மெல்லிய சுள் என்ற உணர்வு வருகிறதா? வந்தால் உங்கள் வீட்டு ஏர்த் வேலை செய்யவில்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டுகிற சிறிய கெப்பாசிட்டர்கள் இரண்டு இருக்கின்றன, அவை ஏர்த்துக்குத் தள்ள வேண்டிய கசிவு போக இடமில்லாமல் கேசிங்கிலேயே நிற்கும். அளந்து பார்த்தால் நம்முடைய 230 வோல்ட்டில் பாதியளவு காட்டும். கரண்ட் மிகச் சிறியது, ஆளை அடிக்காது, ஆனால் அந்த நிலையில் யூஎஸ்பியையோ எச்டிஎம்ஐயையோ கொழுவும்போது போர்ட் பழுதாகலாம். அதைவிட, உண்மையாகவே உள்ளே ஒரு வயர் இரும்பில் பட்டால் காப்பாற்ற ஏர்த் இல்லை.

நம் பக்கத்தில் பல வீடுகளில் மூன்று முள்ளுப் பிளக்கை இரண்டு முள்ளு மல்டி பிளக்கில் போட்டுத்தான் பாவிக்கிறோம், அந்த இடத்திலேயே ஏர்த் அறுந்துவிடுகிறது. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு ட்ரிப் சுவிட்ச், ஏர்த் கம்பி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சொந்தக் கையால் வேண்டாம்.

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. வெட்டும்போது பாதிப்பதைவிடத் திரும்ப வரும்போது ஏறி இறங்குவதுதான் பாதிப்பது. ஆகவே யூபிஎஸ் பட்டியலுக்குள் வர வேண்டும், பிறகு பார்க்கலாம் என்ற பகுதியில் இருக்கக் கூடாது. 650 வீஏ என்று எழுதியிருந்தால் 650 வோட்ஸ் என்று நினைக்காதீர்கள், ஏறத்தாழ 360 வோட்ஸ்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத உங்கள் மெஷினுக்கும் மொனிட்டருக்கும் அது காணும், ரெண்டர் பண்ணிக்கொண்டிருப்பதைச் சேமித்து மூடுவதற்கு நேரம் கிடைக்கும். மாரியில் இடி முழங்கும்போது கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, ரவுட்டரிலிருந்து வரும் வயரையும் கழற்ற வேண்டும். எங்கள் கொம்பியூட்டர் அறையில் இரண்டு போர்ட் அந்த வழியால்தான் போனது.

பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் 80 பிளஸ் முத்திரை பற்றியும் ஒரு சொல். அது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் பாவிக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. சோர்ட் ஆனால் தானாக அணைகிறதா, வோல்டேஜ் ஏறினால் தாங்குமா என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பில்லை. மேக்கையும் மொடலையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தங்கச்சி அந்தக் கடையில் மூன்று தரம் கேட்டது மிகச் சரியான கேள்வி, அதைக் கேட்கத் தெரிந்ததே எனக்கு நம்பிக்கை தருகிறது.


பொத்துவில்_கரை

கடற்கரையிலிருந்து இருநூறு மீற்றரில் இருக்கிறோம், எங்கள் கேசிங்கின் பின்பக்க ஸ்குரூ எல்லாம் இரண்டே வருடத்தில் துருப்பிடித்து ஒட்டிவிட்டது. கல்லடியும் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு கீற்றுத்தானே. கடல் பக்க யன்னலுக்குக் கீழே மட்டும் மெஷினை வைக்காதீர்கள். எறும்பையும் பாருங்கள், சூட்டுக்கு பவர் சப்ளைக்குள் முட்டை வைக்கும்.


வாவிக்கரை (கல்லடி)

நேற்று இரவு வேலை முடிந்து வந்து பதினொன்றரை வரை தேடினேன். நானா, சரியா என்று சொல்லுங்கள்.

முதலாவது, போர்டின் பெயரில் இருக்கும் டி4 என்பது டிடிஆர்4 போர்ட் என்று அர்த்தம், நான் எழுதியது டிடிஆர்5 ரேம். ரேமின் அடியில் இருக்கும் வெட்டு இரண்டுக்கும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது, இறங்கவே இறங்காது. இரண்டாவது, 12400எஃப் இல் இருக்கும் அந்த எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்ட் பின்னர்தான் என்று நான் எழுதியிருந்தேன், அப்படியென்றால் மொனிட்டரைக் கொழுவ இடமே இல்லை. விலை குறைவாக இருந்ததால் எஃப் ஐ எடுத்தேன், ஏன் குறைவு என்று கேட்கவில்லை.

தேடும்போது இன்னொன்றும் பார்த்தேன். 16 ஜிபி ஒன்றைப் போடுவதைவிட 8 ஜிபி இரண்டைப் போட்டால் இரண்டு வழியாலும் ஒரே நேரத்தில் போய் வருமாம், கார்ட் இல்லாமல் ரேமையே கிராபிக்ஸுக்கும் பாவிப்பதால் எனக்கு அதுதான் நல்லது என்று விளங்குகிறது.

மாஸ்டர் சேர், சுள் என்று வருகிறது. இவ்வளவு நாளும் அது எல்லா மெஷினிலும் வருவதுதான் என்று நினைத்திருந்தேன்.


கல்முனை_நானா

மாஷா அல்லாஹ். இரண்டும் சரி, மூன்றாவதும் சரி. இந்தப் பிழைகளோடு கொழும்புக்குப் போயிருந்தால் அந்தப் பஸ் பயணம் இரண்டு தரம் போயிருக்கும்.

எஃப் இல்லாத 12400 உங்கள் வேலைக்கு இன்னொரு வகையிலும் நல்லது. கலியாணக் கமராக்கள் இப்போது 10 பிட் 4:2:2 இல் (நிற விபரம் கூடிய முறை) எச்.265 ஆகச் சுருக்கிப் பதிகின்றன அல்லவா, அதை விரித்துக் காட்டுகிற வேலையை இன்டெல் 12ஆம் தலைமுறையின் உள் கிராபிக்ஸ் தானே செய்யும். என்விடியா கார்டுகளில் அந்த 4:2:2 வசதி 50 தொடரில்தான் வந்தது. காசு குறைந்த இடத்தில் பலம் கூடியிருக்கிறது. உங்கள் எடிட் சொஃப்ட்வெயர் அதைப் பாவிக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாராவது 13 அல்லது 14ஆம் தலைமுறையின் பெரிய ஐ7, ஐ9 ஐப் பாவித்தது மலிவாக இருக்கிறது என்று காட்டினால் எடுக்காதீர்கள். அவற்றில் வோல்டேஜ் கூடிப் புரொசசர் மெல்ல மெல்லக் கெடும் பிரச்சினை இருந்தது, 2024 ஓகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் (புரொசசருக்குள்ளேயே ஓடும் கட்டளைகள்) திருத்தம் விட்டது. அது இனிக் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைத் திருத்தாது.

இப்போது மற்றப் பாதி. காசை இன்னும் செலவழிக்க வேண்டாம். அந்தப் பழைய ஐ3 ஐ முழுதாகக் கழற்றுங்கள். முதலில் உள்ளே இருக்கும் படங்களையும் வேலையையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். மறுகா போர்ட், புரொசசர், கூலர், பவர் சப்ளை, எல்லா வயரும் மேசைக்கு வர வேண்டும். ஒவ்வொன்றும் கழற்ற முதல் ஒரு படம். புரொசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தேர்மல் பேஸ்ட் சின்னக் குழாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பழையதைத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு. அந்தக் கூலரின் நான்கு கால்களும் டக் டக் என்று எதிரெதிர் மூலையாக இறங்க வேண்டும், 12400 உடன் பெட்டியில் வரும் கூலருக்கும் அதே மாதிரிக் கால்தான், ஆகவே பழகியது வீண்போகாது. பூட்டும்போது கேசிங்குக்குள் போட முதல் போர்டை அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் வயரும் புரொசசர் வயரும் மட்டும் கொழுவி எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பியதா, பிறகு உள்ளே போடுங்கள். எழும்பாவிட்டால் இங்கே வந்து உடனே கேட்காதீர்கள், ஒரு மணித்தியாலம் நீங்களே தேடிவிட்டு வாருங்கள்.

அது பழசு, பழுதானாலும் உங்கள் சீட்டுக் காசு பத்திரமாக இருக்கும்.


அக்கரைப்பற்று_வடக்கு

நானா சொல்வதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. புது மெஷின் ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை ஸ்டூடியோ வேலையை விடக் கூடாது. அதோடு போர்ட், புரொசசர், ரேம் மூன்றையும் ஒரே கடையில் எடுக்க வேண்டும். எனக்கு நடந்தது, ரேம் ஒரு கடை, போர்ட் இன்னொரு கடை, படம் வரவில்லை. ரேம்காரர் போர்டில் பிழை என்கிறார், போர்ட்காரர் ரேமில் பிழை என்கிறார், நான் நடுவில் மூன்று மாதம் நின்றேன். நான் பாவித்த மெஷின்களின் பக்கம் போனதே அதற்குப் பிறகுதான்.


வந்தாறுமூலை_விடுதி

ரேம் விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள், 2025 கடைசியிலிருந்து உலகம் முழுவதும் ஏறிவிட்டது. பட்டியலில் மற்ற எதிலும் குறைத்து, பவர் சப்ளையில் குறைக்காமல் விடுங்கள்.


வாவிக்கரை (கல்லடி)

இரண்டு கிழமைக்குப் பிறகு வருகிறேன்.

எலக்ட்ரீஷியன் வந்தார். ஏர்த் வயர் சுவர் வரைக்கும் ஒழுங்காக வந்திருக்கிறது, வெளியே கிணற்றடிப் பக்கம் நிலத்தில் இறக்கிய கம்பியில் அதைப் பிடித்திருந்த கவ்வி உப்பில் அரித்துப் பச்சையாகித் தூளாக நின்றது, விரலால் தொட்டதும் விழுந்துவிட்டது. புதுக் கவ்வி போட்டு, அறையில் 13 அம்பியர் பிளக் ஒன்றும் வைத்துத் தந்தார். சுள் என்பது நின்றுவிட்டது. கொம்பியூட்டர் வாங்காவிட்டாலும் இது ஒன்றே போதும் என்று அம்மாவுக்குச் சந்தோஷம், அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றுதான் அவ தினமும் தண்ணீர் மோட்டாரைப் போடுவா.

ஐ3 ஐப் போன ஞாயிற்றுக்கிழமை கழற்றினேன். விறாந்தையில் மேசையைப் போட்டு, ஸ்குரூக்களை வெற்றிலைத் தட்டில் பிரித்து வைத்தேன், பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். கூலரைத் தூக்கும்போது புரொசசரும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயந்தேன், வரவில்லை. பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரிக் காய்ந்து உதிர்ந்தது. திரும்பப் பூட்ட மூன்று மணித்தியாலம் போனது. கேசிங்குக்குள் போட்டு, சுவிட்சை அமத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மொனிட்டர் கறுப்பு.

நானா சொன்ன அதே கறுப்பு. முதல் ஐந்து நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு ரேம் இரண்டையும் கழற்றி ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன், இல்லை. மற்றதைப் போட்டேன், இல்லை. மொனிட்டர் வயரை ஸ்டூடியோவிலிருந்து கொண்டு வந்த இன்னொன்றால் மாற்றினேன், இல்லை. கழற்ற முதல் எடுத்த படங்களைப் போனில் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன், எட்டாவது படத்தில் இடது மேல் மூலையில் மஞ்சளும் கறுப்புமாக நாலு வயர் போகிறது. போர்டைப் பார்த்தேன், அந்த இடம் காலி. வயர் பவர் சப்ளைக்குப் பின்னால் மடிந்து கிடந்தது. அட்டைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தபோது கொழுவியிருந்தேன், உள்ளே போடும்போது கழற்றிவிட்டுத் திரும்பக் கொழுவவில்லை. கொழுவினேன், எழும்பியது. நாற்பது நிமிடம்.

அடுத்த நாள் மறுபடி ஒரு தரம் கழற்றிப் பூட்டினேன். ஒன்றே கால் மணித்தியாலம், முதல் தரத்திலேயே எழும்பியது.

புதன்கிழமை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறேன், மச்சானும் வருகிறார். ஸ்டூடியோ வேலையை விடவில்லை.


கல்முனை_நானா

போய் வாருங்கள் தங்கச்சி. சொக்கெட்டைப் படம் எடுக்க மறக்க வேண்டாம். பில்லில் ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். எஸ்எஸ்டியைப் போர்டில் பிடிக்கும் அந்தச் சின்ன ஸ்குரூ போர்டின் பெட்டிக்குள் வரும், பெட்டியை எறிய முதல் தேடுங்கள். அது விழுந்து தொலைந்தால் கல்முனையில் என்னிடம் இருக்கிறது.


திருக்கோவில்_மாஸ்டர்

பாடசாலையில் இந்த இழையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட உங்கள் அனுமதி வேண்டும், குறிப்பாக அந்த எட்டாவது படம்.


வாவிக்கரை (கல்லடி)

தாராளமாகக் காட்டுங்கள் சேர்.

பூட்டிவிட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பதுக்குத் தொடங்கி, இடையில் அம்மா கூப்பிட்டுச் சாப்பிட்டு, இரண்டு மணிக்கு எழும்பியது. நெம்புகோலை இறக்கும்போது கிறீச் என்று ஒரு சத்தம் வந்து உயிரே போனது, ஆனால் மூடி தானாகக் கழன்று வந்ததால் சரி என்று விளங்கியது. விண்டோஸ் 11 போட்டு, தாலி கட்டும் அதே காட்சியை டைம்லைனில் இழுத்துப் பார்த்தேன், மேளமும் படமும் ஒன்றாகப் போகின்றன.

ஒரு சந்தேகம். நான் வாங்கியது 3200 ரேம், பெட்டியிலும் அப்படித்தான் இருக்கிறது. டாஸ்க் மனேஜரில் 2133 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?


ஏறாவூர்ப்பொடியன்

இது எனக்குத் தெரியும் அக்கா, கடைக்காரரில் பிழை இல்லை. மெஷினைத் திரும்பப் போடும்போது டிலீட் கீயை அமத்தி பயோஸுக்குள் (போர்டின் அடிப்படை செட்டிங் பக்கம்) போங்கள். ரேமைப் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட விடும் எக்ஸ்எம்பி என்று ஒன்று இருக்கும், அதை ஓன் பண்ணி, எஃப்10 ஐ அமத்திச் சேமியுங்கள். திரும்ப எழும்பச் சில செக்கன் கூட எடுக்கும், கரண்டைப் பிடுங்காமல் பார்த்துக்கொண்டிருங்கள்.


வாவிக்கரை (கல்லடி)

3200 காட்டுகிறது.